முத்துச்செல்வி அக்கா திருத்தாமல் விட்ட சொல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அச்சக வாசலில் பைக்கை நிறுத்தும்போதே செய்தி வந்துவிட்டது. முத்துச்செல்வி அக்கா போய்விட்டார்கள். திருத்தங்கல்லில் நான் மெஷின் ஓட்டும் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் புரூஃப் பார்த்தவர்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'சாந்த சொரூபி' என்று யாரோ போட்டுவிட்டார்கள். அக்கா பார்த்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். டைரிகளையும் காலண்டர்களையும் திருத்தித் திருத்தியே ஆங்கிலம் கற்றார்கள். சாப்பாட்டு நேரத்திலும் எதிரே அகராதி விரிந்திருக்கும். "ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்னு நம்புறவுக இந்தச் சேர்ல உக்காரக் கூடாது" என்பார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட் வெடித்தது. இறந்த மூவரில் அக்காவின் தங்கை பேச்சியம்மாளும் ஒருவர். மற்ற இருவர் மட்டுமே தன் தொழிலாளர்கள் என்றார் ஷெட் முதலாளி. பேச்சியம்மாள் யாரையோ பார்க்க வந்தவளாம்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய நோட்டீஸே எங்களிடம் அச்சுக்கு வந்தது. லோடு தாமதமானதற்கு வடநாட்டு வியாபாரிகளிடம் வருத்தம் சொல்லும் ஆங்கில நோட்டீஸ். விபத்தில் 'த்ரீ ஹேண்ட்ஸ்' இழந்துவிட்டோம் என்றது ஒரு வரி. அக்கா அதையே வெகுநேரம் பார்த்தார்கள். எதையும் திருத்தவில்லை. முதலாளி கையெழுத்திட்ட பிரதியை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

நஷ்டஈட்டு வழக்கில் நீதிபதியிடம் அதை நீட்டியபோது கம்பெனி வக்கீல் சிரித்தார். "ஹேண்டுன்னா கை. மூணு பேருக்குக் கையில அடி. அதத்தான் எழுதியிருக்காக."

அக்கா நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்கள். "அது ஆயிரம் வருசத்துக்கு மேல பழைய சொல்லுங்கய்யா. ஜெர்மன்காரவுகளும் கையை அப்பிடித்தான் சொல்றாக. அதுக்கு முன்னால எங்கருந்து வந்துச்சுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியல. கையெழுத்துக்கும் அதான் பேரு, கடிகார முள்ளுக்கும் அதான். கப்பல்லயும் மில்லுலயும் கூலியாளுக்கும் அதான். கை மட்டும் போதும், ஆளு எதுக்குன்னு நெனச்சவுக வச்ச பேரு. சரி, கைன்னே வச்சுக்கிருவோம். அடிபட்ட மூணு பேரை இங்கன நிறுத்தச் சொல்லுங்க."

ஒருவரையும் நிறுத்த முடியவில்லை. மூன்று 'ஹேண்ட்ஸ்' என்றால் மூன்று தொழிலாளர்கள், பேச்சியம்மாளும் அந்தக் கம்பெனித் தொழிலாளிதான் என்று தீர்ப்பானது.

கிரிமினல் வழக்கும் வந்ததும் முதலாளி அக்கா வீட்டுக்கே வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கம்மா."

"எந்தங்கச்சி யாருன்னு உங்க கைப்பட எழுதுங்க."

தன் ஷெட்டில் வேலை பார்த்தவர் என்று எழுதினார். அக்கா கண்ணாடியை மாட்டிப் படித்து, சிவப்புப் பேனாவால் சுழித்தார்கள். "பேருல 'ச்' ஒத்தெழுத்து விட்டுப்போச்சு. திரும்ப எழுதுங்க." ஐந்து முறை எழுத வைத்தார்கள்.

"மன்னிச்சிட்டீகளாம்மா?"

"நான் எப்பச் சொன்னேன்?"

மறுநாளே அந்தத் தாள் போலீஸுக்குப் போனது. அவர் சிறைக்குப் போன அன்று அச்சகம் முழுக்க அக்கா பால்கோவா கொடுத்தார்கள்.

அக்காவைக் கொண்டுபோன புதன்கிழமை, சுடுகாட்டு வழியில் அந்த முதலாளி ரோஜா மாலையோடு நின்றார். தண்டனை முடிந்து வந்தவர், தளர்ந்திருந்தார். "ஒரே ஒரு தடவ போட்டுக்கிறேம்பா" என்று கெஞ்சினார்.

"அக்கா ஒத்துக்கிட மாட்டாக. கொண்டு போங்க" என்று மறித்தேன். மாலையை ஏந்திய கைகள் நீட்டியபடியே இருக்க, அக்காவின் வண்டி அவரைக் கடந்து போனது.

அமைதியாக இளைப்பாறுங்கள் என்று எழுத மாட்டேன், அக்கா. அதே கோபத்தோடு போங்கள். பேச்சியம்மாளிடம் சொல்லுங்கள், இங்கே நாங்களும் இன்னும் மன்னிக்கவில்லை.