நங்கையா சொன்ன வார்த்தை

பிள்ளை இல்லை என்று புருஷன் விட்டுப்போன பிறகுதான் மாரக்காள் அரசு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பொங்கலூர்ப் பக்கம் தம்பி அங்கமுத்துவின் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்துகொண்டு தினமும் பஸ் ஏறிப் பிரசவ வார்டுக்குப் போய்வந்தாள். ஊரில் எந்தப் பெண்ணுக்கு என்ன என்றாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் தம்பி மனைவி வேலாத்தாள் அவளைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்தாள். நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். ஐந்து பெற்றவள். கடைக்குட்டி இன்னும் பால் மறக்கவில்லை.

"நங்கையா, மறுபடியும் நாள் தள்ளிப்போச்சுங்க. இனி ஒடம்பு தாங்காதுங்க. இப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலயே கலைச்சுடறாங்களாமா? சட்டம் வந்துருச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்களாம். நெசமுங்களா?"

நிஜம்தான். லேடி டாக்டர் செய்துகொண்டுதான் இருந்தார். அதற்கான கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுப்பதே மாரக்காள்தான். நாளைக்கே என்கூட வா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மனசு வேறெங்கோ போய்விட்டது. இவர்களுக்கு ஆறாவது பாரம். பிறந்ததும் கேட்டால் பிள்ளையைத் தனக்கே கொடுத்துவிடுவார்கள்.

"அதெல்லாம் மெட்ராசுலதான் கண்ணு. இங்கெல்லாம் செய்யறதில்ல. பெத்துரு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்காரியே சொன்ன பிறகு வேலாத்தாள் வேறு யாரைப் போய்க் கேட்பாள்? குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரமே மாரக்காள் திருப்பூரிலிருந்து மெல்லிய பனியன் துணி வாங்கிவந்து, கைக்குழந்தை அளவுக்கு இரண்டு சட்டை தைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவளை வாசலிலேயே அந்த நாற்றம் நிறுத்தியது. வார்டில் பழகிய நாற்றம். உள்ளே வேலாத்தாள் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். பக்கத்து ஊர் மருத்துவச்சி முத்தாயியிடம் போய், கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அங்கமுத்து பருத்தி ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்துவந்தான். லேடி டாக்டர் பார்த்த உடனே கோயமுத்தூருக்கு அனுப்பினார். கூடவே வேனில் ஏறப்போன மாரக்காளிடம், "ஏம்மா, நீ இங்கதானே இருக்கே? இந்தப் பொண்ணுக்கு விவரம் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள் மாரக்காள்.

கர்ப்பப்பையை எடுத்தார்கள். வேலாத்தாள் பிழைத்தாள். ஆனால் அதன்பிறகு அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. மூத்தவள் பழனாத்தாள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனாள். தினமும் அவளும் மாரக்காளும் சேர்ந்தே பஸ்ஸுக்கு நடப்பார்கள். அந்தப் பிள்ளை ஏதாவது பேசினால் மாரக்காள் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொல்வாள்.

வேலாத்தாள் மட்டும் பார்ப்பவர்களிடமெல்லாம், "எங்க நங்கையா இல்லீன்னா நான் அன்னைக்கே போயிருப்பனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை இருவரும் பருத்திக் காட்டில் பஞ்சு எடுக்கும்போது மாரக்காள் துணிந்தாள். "வேலா, அன்னைக்குக் கெணத்தடியில நான் சொன்னது..."

"அதை உடுங்க நங்கையா. உங்களுக்கே தெரியாததை நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

மாரக்காள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பிறகு பஸ்ஸிலும் களை வெட்டும் இடத்திலும், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஆஸ்பத்திரி விவரத்தைச் சொன்னாள். அசிங்கம் பேசுகிறாள் என்று சிலர் திட்டினார்கள். நாள் தள்ளிப்போன பெண்களை வேலாத்தாளே அவளிடம் அனுப்பிவைத்தாள்.

"எங்க நங்கையாகிட்டக் கேளுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுவாங்க."

வந்தவர்களை மாரக்காள் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கூட்டிப்போனாள். வேலாத்தாளிடம் மட்டும் அந்தக் கிணற்றடிப் பொய்யைக் கடைசிவரை சொல்லவே இல்லை.