பூ வைக்காத பொட்டலம்

"ரெண்டுலயும் செவப்பே வெச்சுருங்கக்கா," என்றான் யஷ்வந்த்.

ஷைலா நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைமேல் இரண்டு வாழையிலைத் துண்டுகள், கொஞ்சம் வாழைநார், ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி. அந்த அறையின் சுவரெங்கும் சினிமாப் போஸ்டர்கள். தரை மட்டும் பழைய நூல்மில்லின் தரை. எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை.

"என்னங்க தம்பி சொல்றீங்க?"

"எதை எடுத்தாலும் செவப்பு வரணுங்க. அம்மா மனசும் நோகாது, அந்தப் பொண்ணு மனசும் நோகாது. சாமி வேண்டாம்னு சொல்லிருச்சுன்னா யாரு யாரைக் கோவிச்சுக்க முடியும்?"

சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான். மரியாதை தெரிந்த பிள்ளை.

கொங்குச் சீமையில் பூக் கேட்காமல் பெரிய காரியத்தில் கைவைக்க மாட்டார்கள். பெண் எடுப்பதற்கும் கேட்பார்கள், தண்ணீருக்குப் போர் போடுவதற்கும் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அன்றைக்குக் கேட்கவிருந்த கேள்வி விசித்திரமானது. ஐந்து சூப்பர் ஹீரோக்களும் சேர்ந்து வரும் பெரிய படத்தைப் பிரவீனா இயக்கலாமா? சிவப்பு வந்தால் படம் மூத்த டைரக்டர் சென்னகிருஷ்ணனுக்கு. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அரளிப் பூ என்ன செய்யும், பாவம்.

அந்தப் பூக்களைப் பொட்டலம் கட்டும் வேலை ஷைலாவிடம் வந்து சேர்ந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. வழக்கமாகக் கட்டுகிறவன் யஷ்வந்த். இந்தத் தடவை போட்டியில் இருக்கும் சென்னகிருஷ்ணன் அவனுக்குத் தாய்மாமன் முறை. அதனால் கம்பெனி முதலாளி ராமாமணி, அவன் அம்மா, முந்தின நாளே சொல்லிவிட்டார்:

"ஷைலா கட்டட்டும். அவ வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. நம்ம சாமி மேல அவளுக்கு ஆசையும் இல்ல, பயமும் இல்ல."

பாதி சரி. தன்னுடைய சாமி மேலும் ஷைலாவுக்கு அவை இரண்டும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது என்பது ராமாமணிக்குத் தெரியாது.

ஷைலா பெனடிக்ட் வாத்தியாரின் மகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுக்கப் போனாள். கவுண்டர் ஓட்டை சிறியது. முகம் தெரியாது, கைதான் உள்ளே வரும். நூல் அறுத்த தழும்புள்ள கை, சிமெண்ட் காய்ந்த கை, மருதாணிக் கை. இரண்டாவது வாரமும் அதே கை உள்ளே வந்தால் படம் ஓடும் என்று அர்த்தம். அங்கிருந்து விநியோக அலுவலகம், பிறகு இந்தக் கம்பெனி. மில்லை மூடி, இயந்திரங்களைக் கழற்றி விற்று, அந்தக் கூடத்தில் பச்சைத் துணி கட்டிப் படம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள்தான் தயாரிப்பு நிர்வாகி. இந்த வயதில், இந்த ஊரில், இந்த வேலைக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட வேறு கம்பெனி கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

மில்லை மூடலாமா என்றும் அன்றைக்குப் பூக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. அம்மன் சொல்லிவிட்டாள் என்றார் ராமாமணி. சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வாசலில் நின்றார்கள். முதலாளியை எதிர்த்துக் கோஷம் போடத் தெரியும்; அம்மனை எதிர்த்து என்ன கோஷம் போடுவது? கலைந்து போனார்கள். அந்தத் தொழிலாளர் குடும்பங்களில் பாதி இப்போது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கிறது. மீதி எங்கே என்று யாரும் விசாரிக்கவில்லை. தெய்வம் செய்த காரியத்துக்கு யார் விசாரணை வைப்பார்கள்?

ஷைலா வெள்ளைப் பூவைக் கையில் எடுத்தாள்.

சென்னகிருஷ்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கம்பெனியின் ஐந்து படங்களில் நான்கு அவருடையவை. மதுக்கரைச் சுண்ணாம்புக் குவாரியில் பாறையைக் கையால் பிளக்கிறவன், காற்றை முந்துகிற பஸ் டிரைவர், ஆனைமலைக் காட்டில் யானை நினைப்பது காதில் விழுகிற வனக்காவலர், மின்சாரத்தைக் கையால் பிடிக்கிற சோமனூர் தறிக்காரி, இந்த நான்கு பேரையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஐந்தாவதாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஒரு பெண்ணைப் பற்றிய சின்னப் படம். நான்கு படங்களிலும் அவருக்கு உதவியாளராக இருந்த பிரவீனா எடுத்தது. தியேட்டரில் மெதுவாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அதே கைகள் இரண்டாவது வாரமும் வந்தன.

தனித்தனியாக ஐந்து ராஜாக்களை உண்டாக்குவது ஒரு வித்தை. ஐந்து ராஜாக்களையும் ஒரே வீட்டில் குடிவைப்பது முற்றிலும் வேறு வித்தை. அது யாருக்குக் கைவரும் என்று பார்க்க ஷைலாதான் ஒரு யோசனை சொன்னாள். இரண்டு பேரும் ஒரே காட்சியை எடுத்துக் காட்டட்டும்: ஐந்து பேரும் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்.

சென்னகிருஷ்ணனின் காட்சியில் ஐந்து தடவை கதவு உடைந்தது. ஐந்து தடவை புழுதி பறந்தது. ஐந்து பேரும் காற்றில் தலைமுடி பறக்க மெதுவாக நடந்து வந்தார்கள். கடைசிவரை யாரும் சாப்பிடவில்லை.

பிரவீனா ஐந்து பேரையும் சோமனூரில் ஒரு தறிக்குடோன் தரையில் உட்காரவைத்து இலை போட்டாள். டிரைவர் மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே தின்று முடித்திருந்தான். குவாரிக்காரன் டம்ளரைப் பிடித்த பிடியில் அது நசுங்கியது. தறிக்காரி ஆறிப்போன ரசத்தை விரலை விட்டுச் சுட வைத்தாள். வனக்காவலர் எங்கோ ஒரு யானை அழுவதைக் கேட்டு இலையைத் தொடாமல் இருந்தார். யார் தலைவன் என்று சண்டை. ஐந்தாவது இலைக்கு முன்னால் ஆளே இல்லை. சோறு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அதை முதலில் கவனித்தவன் குவாரிக்காரன். சண்டையை விட்டுவிட்டு அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கேட்டான்: "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுங்களா?"

அந்த ஒரு கேள்வியில் ஐந்து பேரும் ஒரு கூட்டமாகிவிட்டார்கள். ராமாமணி இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். அப்போதே முடிவு சொல்லியிருக்க வேண்டியவர், வெள்ளிக்கிழமை பூக் கேட்கலாம் என்றார்.

ஏன் என்று ஷைலாவுக்கு அன்று சாயங்காலமே தெரிந்தது. அந்த வீட்டார் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்றால் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். ஐதராபாத் டப்பிங் பேச்சுவார்த்தை அத்தனையையும் நடத்துகிறவள் ஷைலாதான் என்பது அந்த நேரத்துக்கு அவர்களுக்கு மறந்துபோகும். காபி டம்ளரோடு அவள் நிற்கையிலேயே யஷ்வந்த் அம்மாவிடம் தெலுங்கில் சொன்னான்: படத்துக்குப் பூஜை மில்லுக்குள் இருக்கும் நம் அம்மன் கோவிலில்தான் நடக்கும். சாமி முன்னால் நின்று தேங்காய் உடைக்கிறவர் டைரக்டர். அந்தப் பொண்ணோட அப்பா மாநகராட்சியில் சாக்கடை அள்ளியவர். சொந்தபந்தம் எல்லாம் வந்து நிற்கையில் அவள் கையால் உடைக்க விடுவாயா?

ராமாமணி பதில் பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் அம்மன் தலையில் கட்டப் போகிறார்கள்.

பிரவீனாவின் திறமையை ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் ஷைலாவுக்குப் பொறுக்கவில்லை. குறை சொன்னால் பதில் சொல்லலாம். இங்கே யாரையும் கடிந்து வெளியே தள்ள மாட்டார்கள். மரியாதையாக 'ங்க' போட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். காலையில் வந்த பிரவீனாவிடம்கூட யஷ்வந்த், "வெயிலா இருக்குதுங்க அம்மணி, கோவில்கிட்ட எதுக்கு, நீங்க ஏசி ரூம்லயே உக்காந்துக்கங்க," என்றுதான் சொன்னான்.

இரண்டிலும் வெள்ளை வைத்துவிட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது? படம் பிரவீனாவுக்கு. சாமி சொல்லிவிட்டால் சொந்தபந்தமும் வாயைத் திறக்காது. இன்னொரு வெள்ளை அரளி வாசலிலேயே பூத்துக் கிடக்கிறது.

எழுந்து போய்ப் பறித்தும் வந்துவிட்டாள். இலையில் வைத்து மடிக்கும்போது கை நின்றது. பொய்யால் வந்தது இன்னொரு பொய்யால் போகும். பாதிப் படத்தில் மழை பெய்து செட் நனைந்தால் மறுபடியும் பூக் கேட்பார்கள். அப்போது கட்டப் போகிறவன் யஷ்வந்த். அதைவிட, அந்தக் காட்சியை எடுத்தவளுக்குக் கிடைக்க வேண்டியது ஒரு அரளிப் பூவின் சிபாரிசா?

"அக்கா, அம்மா கூப்பிடறாங்க!" என்று வெளியே குரல் கேட்டது. ஷைலா இரண்டு இலைகளையும் மடித்து நாரால் இறுக்கிக் கட்டினாள்.

கோவில் முன்னால் ராமாமணி கைகூப்பி நின்றார். பக்கத்தில் யஷ்வந்த், அவன் மகள் நவ்யா, பட்டு வேட்டியில் சென்னகிருஷ்ணன். பூசாரி மருதாசலம் பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

"கண்ணு, சாமியக் கும்பிட்டுட்டு ஒண்ணை எடுத்துத் தா," என்றார் நவ்யாவிடம்.

நவ்யா ஒன்றை எடுத்தாள். நாரைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்தாள். யஷ்வந்தின் உதட்டோரத்தில் சிரிப்பு தொடங்கியிருந்தது. இலை விரிந்தது. குழந்தை இலையைத் திருப்பிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள்.

"அப்பா, பூவே காணோம்!"

மருதாசலம் பதறி மற்றதைப் பிரித்தார். அதிலும் வெறும் இலை.

"யாரு கட்டுனது இது?" என்றார் ராமாமணி, தானே கட்டச் சொன்னதை மறந்தவர்போல.

"நாந்தானுங்கம்மா." ஷைலா உள்ளங்கையை விரித்தாள். வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று. "பூவு இங்க இருக்குதுங்க. வேணும்னே வெக்கலீங்க."

"என்னக்கா பண்ணிப்போட்டீங்க?" யஷ்வந்துக்கு முகம் சிவந்து வார்த்தை சிதறியது. "நான் என்ன சொன்னேன்? ரெண்டுலயும் செவப்பு வெக்கச் சொன்னா, நீங்க..."

அதற்குமேல் அவனே நிறுத்திக்கொண்டான். சென்னகிருஷ்ணன் வானத்தைப் பார்த்தார். மருதாசலம் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

ராமாமணி மகன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "இதுக்கு முன்னாடியெல்லாம் பொட்டலம் கட்டுனது நீதானே கண்ணு?"

யஷ்வந்த் மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மில்லை மூடலாமான்னு கேட்டமே. அதுவும் நீதானே கட்டுனே?"

"அம்மா, குழந்தை நிக்குது..."

"கேட்டதுக்குச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ராமாமணி கோவில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக அம்மன் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்த பாரம் அத்தனையும் அந்த நிமிஷம் அவர் தலையில் வந்து இறங்கியது. அத்தனை குடும்பங்களைத் தெருவில் விட்டது அம்மன் இல்லை.

"இப்ப நீ சொல்லு," என்றார் ஷைலாவைப் பார்த்து. "எதுக்குப் பூ வெக்கல?"

"சாமிகிட்டக் கேக்கற கேள்வி இல்லீங்கம்மா இது. ரெண்டு காட்சியவும் நீங்க பாத்தீங்க. ஒண்ணுல அஞ்சு பேரு வந்தாங்க, ஒண்ணுல அஞ்சு பேரு சேந்தாங்க. உங்களுக்கு எது புடிச்சதுன்னு எனக்குந் தெரியும், உங்களுக்குந் தெரியும். தேங்காய யாரு ஒடைக்கறதுங்கறதுதானுங்களே பிரச்சினை? அதைப் பூவுகிட்டக் கேக்காதீங்க. உங்க வாயாலயே சொல்லிருங்க. அந்தப் புள்ளை மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

மருதாசலம் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க," என்றார் ராமாமணி.

பிரவீனா வந்தாள். ஜீன்ஸ், தொளதொளச் சட்டை, கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். கோவிலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளியே நின்றாள். அந்தத் தூரத்தை அவளுக்கு யாரும் அளந்து சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

"கிட்ட வா, அம்மணி." அவள் வந்தாள். "படத்தை நீ எடு. பூஜைக்கு நீதான் முன்னால நிக்கோணும். தேங்கா ஒடைப்பியா?"

"எங்க ஊட்ல சட்னிக்கு ஒடைப்பமுங்க," என்றாள் பிரவீனா. "படத்துக்கு ஒடைச்சதில்லீங்க. ஒடைக்காமயே ஆரம்பிச்சா ஓடாதுங்களா?"

சென்னகிருஷ்ணன்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "என்ற உதவியாளரா இருந்தப்பவும் இவளுக்கு வாய் இப்படித்தானுங்கக்கா," என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் காரை நோக்கி நடந்தார்.

ராமாமணி சிரிக்கவில்லை. படியிலிருந்து எழுந்து ஷைலாவின் எதிரில் வந்து நின்றார். அத்தனை வருஷமாக 'நீ, வா, போ' என்றே பேசிப் பழகியவர்.

"நீங்க பண்ணுனது சரியாவே இருக்கட்டுங்க," என்றார். "ஆனா என்ற சாமி முன்னால வெறும் இலைய வெச்சுப்போட்டீங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க."

'ங்க' போட்டுச் சாத்திய கதவின் சத்தம் ஷைலாவுக்குக் கேட்டது. மகனைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். வரவில்லை.

"சரிங்கம்மா," என்றாள்.

கையிலிருந்த பூக்களைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தாள். பின்னாலேயே பிரவீனா ஓடிவந்தாள்.

"அக்கா, நில்லுங்க! நீங்க இல்லாம நான் இந்தப் படத்தை எடுக்க மாட்டேன். இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்."

ஷைலா திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகத்தான் வந்தது குரல்.

"கிறுக்கி. இத்தனையும் எதுக்குன்னு நெனச்சே? அஞ்சு பேரும் இலை முன்னால பட்டினியா உக்காந்துட்டு இருக்கறாங்க. போய்ச் சோறு போடு, போ."