சர்க்கரை இல்லாதவள்

போன வியாழக்கிழமை காலை, நான் வாயருகே கொண்டுபோன ஹனி கேக்கை ஒரு கை வந்து பிடுங்கிக்கொண்டது.

திருட்டு இல்லை. அக்கறை.

"ஏனுங்க அம்மணி... இப்பத்தான ரத்தம் குடுத்துப்போட்டு வந்தீங்க? அதுக்குள்ள ஹனி கேக்கா? கொஞ்சமாச்சும் பயம் வேண்டாமுங்களா?"

மயிலாத்தாள் அக்கா. அறுபதை ஒட்டிய வயது. காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார் — கொப்பரை காயப்போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிற தொழில். களத்தில் ஆட்களை வேலை வாங்கிப் பழகிய குரல். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லாவில் இருந்தவருக்குத் தன் சரக்கைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. "அக்கா, இன்னைக்குப் போட்டதுங்க... ஃப்ரெஷ்ஷு."

"நீ பேசாத தம்பி. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு சுகர் வந்ததே உன்ற கடையாலதான்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — நான் திருநங்கை. பல வருடம் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் உட்கார்ந்து அடுத்தவர்களின் செய்தியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் என் செய்தியை எடுத்துத் திருத்தத் துணிந்தேன். ஹார்மோன் சிகிச்சை தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஹார்மோன் சிகிச்சைக்கு யாரிடம் போவது? ஹார்மோன் டாக்டரிடம்தான். கோயம்புத்தூரில் அவருடைய போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? பெரிய எழுத்தில் 'சர்க்கரை நோய்'. அதற்குக் கீழே நடுத்தர எழுத்தில் 'தைராய்டு'. கடைசியில், பெயின்ட் மீந்துபோனதால் எழுதியதுபோல, 'மற்றும் ஹார்மோன் கோளாறுகள்'.

நான் மூன்றாவது வரிக்காகப் போகிறவள். பெரும்பாலும் அந்த வரிக்கு நான் ஒருத்திதான் வந்திருப்பேன்.

மற்றவர்கள் எல்லோரும் சர்க்கரை. அந்தக் காத்திருப்பு ஹாலில் யாரும் யாரையும் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில்லை. 'எவ்வளவுங்க?' என்பதுதான் வணக்கம். சொந்த ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் ஆளாளுக்கு ஓர் எண்ணைச் சொல்வார்கள். எண் பெரிதாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம்கூடக் கொடுப்பார்கள்.

முதல் நாள் நான் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியிலிருந்து கேள்வி வந்தது.

"எவ்வளவுங்க அம்மணி?"

அம்மணி! கொங்கு நாட்டில் இது பெரிய பட்டம் ஒன்றும் இல்லை. காய்கறிக்காரர் கூப்பிடுவார், பஸ் கண்டக்டர் கூப்பிடுவார். தினமும் கேட்கிற பெண்களுக்கு அது காதில்கூட விழாது. எனக்கு விழுந்தது. ரொம்ப நேரம் காதிலேயே இருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரைகள் உடம்பில் எதையெதையோ மாற்றும். ஒருமுறை உடைந்த குரலை மட்டும் மாற்றாது.

என் மௌனத்தை மயிலாத்தாள் அக்கா தன் கணக்கில் புரிந்துகொண்டார். "புதுசுங்களா? மொத மொத அப்படித்தானுங்க. வெளிய சொல்லக் கூச்சமாத்தான் இருக்கும். நானெல்லாம் ஊட்லயே ரொம்ப நாள் சொல்லலை. அப்புறம் பழகிரும்."

நோயின் பெயரைத் தவிர அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்கு ஒரு வருடமாகப் பாகற்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கும் ரத்தப் பரிசோதனை, அவருக்கும் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் எனக்காக ஏதாவது கொண்டுவருவார். பாகற்காய் வற்றல். ஆவாரம்பூப் பொடி. "காலைல வெறும் வயித்துல குடிங்க, தன்னால எறங்கிரும்" என்பார். எனக்கு இறங்குவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் குடித்தேன். என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டு, முகம் சுளிக்காமல், யாராவது எதையாவது பொட்டலம் கட்டிக் கொடுத்து எத்தனை காலமாயிற்று?

மெல்ல நானும் பேச ஆரம்பித்தேன். சின்னக் குரலில், சின்ன வாக்கியங்களில். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கிடையில் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இரண்டு வகை மாத்திரை. ஒன்று இருப்பதை அடக்க, மற்றொன்று இல்லாததைக் கொடுக்க. முதலில் மாறியது வியர்வையின் வாசனை. பிறகு முழங்கைத் தோல். ஒரு நாள் சிக்னலில் நின்றிருந்தபோது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது; பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை அழுதேன். அப்புறம் மார்பில் வலி. டவுன் பஸ் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் உயிர் போகும். கைப்பையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டுதான் பயணம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்கள் இதையெல்லாம் சத்தமே போடாமல் கடந்து வருகிறார்களே என்று மலைப்பாக இருந்தது.

யாரிடம் சொல்வது? டாக்டரிடம் சொன்னேன். "நார்மல்" என்றார். நல்ல டாக்டர். ஆனால் 'நார்மல்' என்பது பதில்தானே... பேச்சு இல்லையே.

சரி, போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலை ஹாலில் அக்கா நிலைகொள்ளாமல் இருந்தார். சின்ன மகளுக்கு ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு.

"அம்மணி அவசியம் வந்துபோடோணும். வராம இருந்தீங்கன்னா அப்புறம் நான் பேசவே மாட்டேன் பாத்துக்குங்க."

"வாரேனுங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஒரு கல்யாண மண்டபம். இரண்டு பக்கத்துச் சொந்தமும். ஏதாவது ஒரு பெரியம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்வார். அது வரிசையாகப் போய்ப் பந்திவரை சேரும். எனக்கு அது பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அது மயிலாத்தாள் அக்காவின் வீட்டு விசேஷம். 'யாரைக் கூப்பிட்டு வந்திருக்கறா பாரு' என்று பேச்சு அவர் தலையில் விழும்.

அப்படியென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால்? அந்தப் பக்கத்து நாற்காலி போய்விடும். அம்மணி போய்விடும். செய்தியில் பிழை வந்தால் மறுநாள் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'திருத்தம்' போட்டு முடித்துவிடுவோம். இந்தத் திருத்தத்தை எந்த மூலையில் போடுவது?

ரத்தம் கொடுத்த கையோடு எதிரில் இருந்த பேக்கரிக்கு ஓடிவிட்டேன். யோசிக்க முடியாதபோது எனக்கு ஹனி கேக் வேண்டும். அக்கா சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் இரண்டாவது ரத்தத்துக்காக உள்ளே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு சுகர் இல்லீங்கக்கா."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"நெசமாவே இல்லீங்க. நான் வர்றது வேற வைத்தியத்துக்கு."

கடைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எழுத்தில் வருகிற கோர்வை எனக்குப் பேச்சில் வராது. நடுவில் வார்த்தை நின்றுபோனதால் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஏதாவது ஒரு சாட்சி வேண்டும்போல் இருந்தது.

அக்கா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். கேட்டுக்கொண்டே, தன் கையில் என்ன இருக்கிறது என்ற நினைவே இல்லாமல், என்னிடமிருந்து பறித்த கேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை இருப்பவர் தின்றுகொண்டிருந்தார். இல்லாதவள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப... ஆம்பளையாப் பொறந்தீங்களா?"

"ஆம்பளைன்னு சொல்லி வளத்தாங்க."

"கொரலு கொஞ்சம் கட்டையா இருக்குதேன்னு நெனச்சேன். என்ற பெரிய நாத்தனாளுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால ஒண்ணும் தோணலை."

அந்த நாத்தனாரை நான் பார்த்ததில்லை. அவருக்கு என் நன்றி.

அக்கா மடியிலிருந்த அட்டையை எடுத்தார். கண்ணாடி போடவில்லை, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பெயரைப் படிக்கவில்லை. மாத்திரையை விரலால் தடவினார்.

"இது நான் தின்ன மாத்திரையாச்சே."

எனக்குப் புரியவில்லை.

"சின்னவ பள்ளிக்கொடம் போற வயசுல எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. முட்டைப்பையோட சேத்து எடுத்துப்போட்டாங்க. அதுக்கப்புறம் உடம்பு எரியும் பாருங்க... சித்திரை வெயில்ல களத்துல நின்னாக்கூட அப்படி எரியாது. தூக்கம் கெடையாது. யாரு பேசுனாலும் கோவம், அழுகை. இங்க கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மாதான் இதைக் குடுத்தாங்க. 'உங்க உடம்பு இனி இதைச் செய்யாது, அதனால மாத்திரையாக் குடுக்கறேன்'னாங்க. நாலஞ்சு வருசம் தின்னேன்."

"இதேவா?"

"இதேதானுங்க. வெள்ளையா, சின்னதா. நான் இதை மறப்பனா?"

பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். ஒருவருக்கு உடம்பு செய்வதை நிறுத்திக்கொண்டது. இன்னொருவருக்கு உடம்பு செய்யவே தொடங்கவில்லை. மருந்துக் கடைக்காரர் கொடுத்தது ஒரே அட்டை.

"அப்ப எங்க மாமியா என்ன சொன்னா தெரியுமா? 'பை இல்லாதவ என்ன பொம்பளை'ன்னா. எம் மூஞ்சிக்கு நேராவே சொன்னா. நானும் அந்தம்மா சொல்றது சரிதானோன்னு கொஞ்ச நாள் நெனச்சுட்டுத்தான் இருந்தேன்." அக்கா அட்டையை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு, களத்துக் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கேட்டார். "மாரு வலிக்குமே?"

"வலிக்குதுங்கக்கா."

"பஸ்ல குலுங்குனா?"

"ஆமாங்க."

"என்ற பெரியவளும் வயசுக்கு வர்ற சமயத்துல சட்டை பட்டாலே கத்துவா. பருத்தியில, லூசாப் போடுங்க. தலையணையை அணைச்சுட்டு ஒருக்களிச்சுப் படுங்க. கொஞ்ச நாள்தான்."

டாக்டர் 'நார்மல்' என்று சொன்ன அதே செய்திதான். ஆனால் நான் மூக்கை உறிஞ்சவேண்டியதாகிவிட்டது.

இத்தோடு எழுந்திருக்கலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டுமே.

"வளைகாப்புக்கு நான் வரலீங்கக்கா. நாலு பேரு ஒரு மாதிரி பாப்பாங்க. உங்களுக்குத்தான் சங்கடம்."

அக்கா உடனே மறுக்கவில்லை. 'அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னது இது:

"எம் புள்ளைக்கு நான் வளையல் போட முடியாதுங்க. தெரியுமா உங்களுக்கு? எங்க ஊட்டுக்காரங்க போனதுக்கப்புறம் அதுக்கெல்லாம் நான் ஆகாது. சம்பந்தி ஊட்ல வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. சொல்லாமயே தெரிய வெப்பாங்க. மண்டபம் புடிச்சது நான். சோத்துக்கு ஆள் சொன்னது நான். வளையல் போடறப்ப மட்டும் தூணோரமா நின்னுக்கோணும்."

அவருடைய கணவர் தவறிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இப்படி ஒரு பின்குறிப்பு உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"மொதல்ல பை இல்லைன்னாங்க. அப்புறம் தாலி இல்லைன்னாங்க. அடுத்தது என்னத்தை இல்லைம்பாங்களோ, தெரியலை" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் பெண் என்பதற்கு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் அது எனக்கு மட்டும் உள்ள வேலை என்று நினைத்திருந்தேன். பிறப்பிலிருந்தே பெண்ணாக இருப்பவரிடம் ஊர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறது! அப்படியானால் இந்தப் பரீட்சையில் பாஸானவர் என்று யாராவது இருக்கிறார்களா என்ன?

கிளினிக் வாசலில் நர்ஸ் வந்து நின்று அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது ரத்தம்.

அக்கா அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். விரலில் ஜாம் ஒட்டியிருந்தது.

"அடக் கெரகமே! முழுசும் நானா தின்னுபோட்டேன்? இப்ப எவ்வளவு ஏறியிருக்குமோ... டாக்டரு என்னைக் கொன்னே போடுவாரு!"

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். பாதி ரோட்டில் நின்றார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பேக்கரி முழுக்கக் கேட்டது.

"தூணோரத்துல எனக்குத் தொணைக்கு ஆள் வேணும் அம்மணி. வந்து எங்கூட நில்லுங்க. நல்ல சேலையாக் கட்டிட்டு வாங்க — ஓரமா நிக்கறவங்களைத்தான் எல்லாரும் பாப்பாங்க!"

நாளைக்குக் கடைவீதிக்குப் போகிறேன். பட்டுதான்.