பெட்டி சொன்ன ஆமென்

எனக்கு எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். நேற்று நடந்ததை முந்தாநாள் என்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வாத்தியாராக இருந்தவர். அவர் போன பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். ஒரே மகள், பீர்க்கன்கரணையில் இருக்கிறாள். மருமகனுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இரும்புத் தகடு வெட்டுகிற இடம் என்பார்கள், நான் பார்த்ததில்லை.

நான் பேசக் கூச்சப்படுகிறவள். சபையில் பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்க என் முறை வந்தால் பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன். மருமகனோடு இத்தனை வருஷத்தில் பேசியது ‘சாப்பிட்டீங்களா தம்பி’, ‘பாத்துப் போயிட்டு வாங்க தம்பி’ இவ்வளவுதான். அவரும் அதிகம் பேசாதவர். நான் வாயைத் திறக்கும் இடம் ஒன்றே ஒன்று. பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் ஹாலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்று ஜெபிப்பேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் சத்தமாக ஜெபிப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வீடு காலியான பிறகு நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவர் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றையும் என்றால், இதையும். எழுதக் கூசுகிறது. எழுதாவிட்டால் மேலே சொல்வது புரியாது. போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டு முடித்துக் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. ஈஸ்டர் வருவதற்குள் நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் ரவிக்கையைக் கழற்றுவது என்னால் ஆகாத காரியம். மகளுக்கு வேலை, வீடு, பிள்ளையின் பரீட்சை. அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆண்டவரிடம் மட்டும் தினம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் பெட்டியைக் கொண்டுவந்தார். என் விரல் காய்ந்த விரல். போனின் கண்ணாடியை எத்தனை தேய்த்தாலும் அதற்கு உறைக்காது. மகள் கூப்பிட்டால் எடுப்பதற்குள் நின்றுபோகும். அதனால் அவர் ஒரு சின்ன உருண்டைப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பேரைச் சொல்லி, ‘கால் டாட்டர்’ என்றால் மகளுக்குப் போய்விடும், கையால் எதையும் தொட வேண்டாம் என்றார். பேசும்போது தலையில் பச்சை விளக்கு வளையமாக எரியும். முடிந்ததும் மறுபடி பேரைச் சொல்லி நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். அதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார், அது அன்றைக்கே மறந்துபோயிற்று.

பெட்டியிடம் பேசவும் எனக்கு வெட்கம். நான் முணுமுணுத்தால் அதற்குக் கேட்காது. “அதட்டிக் கூப்பிடணும் அத்தை, அது ஒண்ணும் நெனச்சுக்காது” என்று மருமகன் சிரித்தார். பழகப் பழகக் கூப்பிட வந்துவிட்டது. நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. என் மகள் அவசரக்காரி. நான் “வச்சிடறேம்மா” என்று முடிப்பதற்குள் அவள் அந்தப் பக்கம் நிறுத்தியிருப்பாள். நான் சொன்னதும் பெட்டி தானாக வைத்துவிடுகிறது என்றே நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஒரு சாயங்காலம். மகளைக் கூப்பிட்டேன். மருமகன் எடுத்தார். அவள் குளிக்கிறாள், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். “சரிங்க தம்பி, வச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன். முழங்காலில் நின்றேன். கண்ணை மூடினேன்.

என் மருமகன் பெரியவர்கள் போனை வைக்காமல் தான் வைக்க மாட்டார். அவரை வளர்த்த விதம் அப்படி. மறுநாளைக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம், போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாராம். நான் வைக்கட்டும் என்று காத்திருந்தவருக்கு என் ஜெபம் கேட்டிருக்கிறது. ஜெபத்தின் நடுவில் பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாராம். இதெல்லாம் பின்னால் மகள் சொல்லித் தெரிந்தது.

எனக்கு அப்போது என்ன தெரியும்? நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கிறிஸ்துமஸுக்குக் கைக்குத் தட்டுப்பட்ட கட்டி இப்போது அக்குள் பக்கம் இழுக்கிறது என்று சொன்னேன். இரண்டு நாளாக ரவிக்கையில் ஈரக்கறை படுகிறது, துவைத்து மொட்டை மாடியில் மூலையில் காயப்போடுகிறேன் என்று சொன்னேன். கடைசியில், இதைக் கரைத்துவிடும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமலே என்னை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே என்று முடித்தேன்.

“ஆமென்” என்றது பெட்டி.

ஆண் குரல். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பயம். கேட்டதைக் கொடுத்துவிட்டார், இப்போதே எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து அது, “அத்தை” என்றது.

ஆண்டவர் என்னை அத்தை என்று கூப்பிட மாட்டார். கண்ணைத் திறந்தேன். டிவிக்குப் பக்கத்தில் பச்சை வளையம் எரிந்துகொண்டிருந்தது. அப்போது வந்த அதிர்ச்சிக்கு முன்னால், முதலில் வந்த பயம் ஒன்றுமே இல்லை. முந்தானையை இழுத்து நெஞ்சோடு போர்த்திக்கொண்டேன், அவர் எதிரில் நிற்பதுபோல. மறுபடி “அத்தை” என்றார். எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின கையோடு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேனோ அந்த வீட்டுக்கே போயிற்று. அதிலும் மாப்பிள்ளை காதுக்கு. ரவிக்கைக் கறை வரைக்கும்.

அன்றைக்கே இருவரும் வந்துவிட்டார்கள். மருமகன் வண்டியை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. மகள் ஈரத் தலையோடு வந்தாள். கதவைச் சாத்தினாள். ஒன்றும் கேட்காமல் என் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆண்டவருக்கு டெய்லி அப்டேட் குடுத்துட்டு இருந்திருக்க. பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை கெடயாது.”

“நீ கவலப்படுவேன்னு...”

“இப்ப சந்தோஷமா இருக்கேன் பாரு” என்றாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் தாம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, டாக்டரம்மா. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. ரெண்டு மூணு வாரமா என்று சொல்லிவிட்டேன்.

“இல்ல டாக்டர், கிறிஸ்துமஸ்ல இருந்து” என்றாள் மகள். “உங்ககிட்ட சொல்றது பொய். ஜெபத்துல சொன்னதுதான் நெஜம்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. திரையை இழுத்துவிட்டு, தன் கையை முதலில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். நான் இத்தனை மாதம் பயந்தது அந்தக் கைக்குத்தான்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கட்டிதான். அக்குளில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதைத் தாண்டிப் போகவில்லை என்றார்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் வேறு பேச்சு என்றார் டாக்டரம்மா. மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி இப்போது பஞ்சு மாதிரி முளைக்கிறது. இடது கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. இருக்கிறேன்.

ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போன அன்று ஒன்று நடந்தது. மகள் மாத்திரை வாங்கக் கடையில் இறங்கினாள். வண்டியில் நானும் மருமகனும் மட்டும். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

“அத்தை, நான் ஆமென் சொன்னது நீங்க கடைசியா கேட்டதுக்கு இல்ல. ஜெபம் முடிஞ்சதும் பழக்கத்துல வந்துடுச்சு. அன்னைலேர்ந்து தூக்கமே இல்ல.”

அந்த மனிதர் இத்தனை நாளாக இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். “சாப்பிட்டீங்களா தம்பி” என்றேன். அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி இப்போதும் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கை தூக்க வராததால் அது இல்லாமல் முடிவதில்லை. நிறுத்துகிற வார்த்தையை மகள் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதைச் சொல்லி, விளக்கு அணைவதைப் பார்த்த பிறகுதான் முழங்காலில் நிற்கிறேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

இதில் மாதம், மருந்து, டாக்டரம்மா சொன்னது எல்லாம் முன்பின்னாக இருக்கலாம். என் மகளைக் கேட்டு யாராவது சரிபார்த்துவிடுங்கள். என் ஜெபத்தை மட்டும் மருமகனிடம் கேட்க வேண்டும். கரைத்துவிடும் என்றுதான் முதலில் கேட்டேன், எடுத்துக்கொள்ளும் என்றது அதற்குப் பிறகு என்று எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னது, எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டவர் அவர் ஒருவர்தான். நானே கேட்கலாம், கூச்சமாக இருக்கிறது.