கண்மையில் பிறந்த நாடு

வங்கதேசம் பிறந்த அடுத்த மாதமே, சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் அது இன்னொரு முறை பிறந்தது. அந்த நாடாக நடித்தவள் நான்தான். மூன்றாம் வகுப்பு. அம்மாவின் பச்சைப் புடவையை மடித்துச் சுற்றி, கண்ணில் மையை அப்பி, காகிதச் சங்கிலியால் கட்டி என்னை மேடையில் நிறுத்தியிருந்தார்கள். போரில் தோற்ற பாகிஸ்தான் தளபதி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் நான் சங்கிலியை அறுத்து, சாக்கட்டியால் என்னைச் சுற்றிக் கோடு போட வேண்டும். அதுதான் புது எல்லை.

தளபதி, என் அத்தை மகன். தோற்பவனாக நடிக்க யாரும் முன்வராததால், அட்டையில் செய்த ஏழெட்டு மெடல்களைக் குத்தி அவனைச் சம்மதிக்க வைத்திருந்தார் வாத்தியார்.

அவன் கம்பீரமாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தான். எழுதவில்லை. உதறினான். அப்போதும் எழுதவில்லை.

“சார், பேனாவுல மை இல்ல சார்!” என்று அழவே தொடங்கிவிட்டான்.

கூட்டம் சிரித்தது. அவன் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு விடுதலை ஏது?

அப்போது பெண்கள் வரிசையில், மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்த அம்மா, கூடையோடு எழுந்தாள்.

“இன்னாடா முழிச்சிகினு கீற? அவ கண்ணுல மை கீது பாரு! தொட்டுக் கைநாட்டு வைடா!”

அவன் ஓடிவந்து கட்டைவிரலை என் கண்ணில் விட்டான். வலியில் நான் போட்ட கூச்சலை விடுதலை முழக்கம் என்று நினைத்துக் கூட்டமும் சேர்ந்து முழங்கியது. பத்திரத்தில் கறுப்பாக விரல் பதிந்தது. சங்கிலியை அறுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நான் இழுத்த கோட்டில் தலைமையாசிரியரின் நாற்காலியும் என் நாட்டுக்குள் வந்துவிட்டது. விசில் பறந்தது.

வீடு திரும்பும்போது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வழியெல்லாம் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“அந்தக் காய்தத்துல இன்னா எழுதியிருந்துச்சி?”

“ஒண்ணுமில்லம்மா. வெறுங்காய்தம்.”

அம்மா நின்றுவிட்டாள். கூடவே நடந்துவந்த அத்தை மகனின் கையைப் பிடித்து, “எழுதாத காய்தத்துல கைநாட்டு வெக்காதடா. நாடகமா இருந்தாலும் வெக்காத” என்றாள்.

கடலோரத்தில் அவளுக்கென்று இருந்த மனை அப்படியொரு வெறுங்காகிதத்தில்தான் கைமாறிப் போனது என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆயிற்று. அன்று நாங்கள் இருவரும், நாடகத்துக்கும் நிஜத்துக்கும் அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று, வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனோம்.