பிடில் பெட்டியில் இருந்த நோட்டு

என் தம்பியைப் பெயர் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. பிடில் என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், சாயங்காலம் ஓட்டல் சாப்பாட்டு ஹாலில் வயலின். அது போதாதென்று வாரப் பத்திரிகையில் எழுத்து வேறு. செத்துப்போன அம்மா, அம்மாவின் கைப்பக்குவம், அம்மா வழியில் நாலு தலைமுறைக் கதை. படித்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் சமையல் நோட்டைக் காணோம். நீல அட்டை போட்டது. அம்மா போன மறுவாரம் அலமாரியைத் திறந்தால் இல்லை. இவனோ கோழி சூப்பில் மிளகு எப்போது விழுந்தது என்பதுவரை எழுதுகிறான். அடுப்படியை எட்டிப் பார்க்காத பயலுக்கு எப்படித் தெரியும்? கேட்டால், “எனக்குத் தெரியாதுக்கா” என்று தலையைச் சொறிவான். எதையாவது ஒளித்தால்தான் அவன் கை தலைக்குப் போகும்.

போன வாரப் பத்திரிகையில் ஒரு புளுகு வேறு. அம்மா கடைசியாக வைத்த சூப்பை நான் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேனாம்! எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. அம்மாவின் கோழி சூப்பை நானே பதினோரு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன், ருசி வரவில்லை. அம்மாவிடமிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதையும் இவனே அமுக்கிக்கொள்வதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். குளித்துக்கொண்டிருந்தான். பிடில் பெட்டியைத் திறந்தேன். வயலினுக்கு அடியில் நீல நோட்டு!

பிரித்தால் அம்மா எழுத்து இல்லை. அவன் வயலின் சாதகம் பண்ணும் நோட்டு. ஸ்வர வரிகளுக்கு மேலே பென்சிலில் ‘இங்கே வெங்காய வாசனை’, ‘இங்கே மிளகு, தும்மல்’ என்று குறித்திருந்தான். அடுப்படிக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து வாசித்தவன், மூக்காலேயே சமையலைப் பிடித்திருக்கிறான்.

ஈரத் தலையோடு வந்து நின்றான்.

“அம்மா நோட்டு எங்கடா?”

“அம்மாவே கிழிச்சு அடுப்புல போட்டுட்டாங்கக்கா. தான் எழுதினதே தனக்குப் புரியலன்னு அழுதாங்க.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

அவன் கை தலைக்குப் போனது. நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ‘இன்று சூப்பில் உப்பே இல்லை. போட மறந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. அக்கா கத்திவிட்டுப் போனாள். அவளிடம் சொல்லாதே, தாங்கமாட்டாள் என்றாள் அம்மா.’

ஐயோ! கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, “நாக்கு செத்துப்போச்சாம்மா உனக்கு?” என்று கேட்டவள் நான்தான். அம்மா சிரித்தாள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இவன் மறக்கவுமில்லை, அதை ஊருக்குச் சொல்லவுமில்லை. எனக்காகப் பத்திரிகையில் பொய் எழுதியிருக்கிறான்.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, “பிடிலை எடுத்து வாசிடா” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவன் வாசித்துக்கொண்டே, “இப்ப வெங்காயம்” என்றான். “இப்ப மிளகு.” வீடு முழுக்க அம்மா சூப்பின் வாசனை.

“உப்பு போடுக்கா.”

நான் போடவில்லை. அப்படியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.