அடி தெரியாத குளம்

ராயப்பேட்டை பீர் முஹம்மதுவின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இந்த மாநகரத்தில் அவர் பயப்படாத பொருள் எதுவும் கிடையாது. லிஃப்ட், பல்லி, ஊசி, போக்குவரத்துக் காவலர், வாட்ஸப்பில் வரும் நிலநடுக்கச் செய்தி என்று எல்லாவற்றுக்கும் உரிய மரியாதையை அவர் தவறாமல் செலுத்திவந்தார். ஆனால் முதல் மரியாதை எப்போதும் தண்ணீருக்குத்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். இத்தகையவர் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்த தொழில், வீட்டு நீச்சல் குளங்களைச் சுத்தமாக வைத்திருப்பது.

இதில் விநோதம் ஒன்றும் இல்லை என்பது அவர் மனைவி நஸ்ருன்னிசாவின் தீர்ப்பு. "உள்ள வுழுந்துடுவோமோன்னு பயந்துகினே கரையில நிக்கிற மனுஷன். அந்தப் பயத்துலதான் வேலை சுத்தமா நடக்குது. தைரியசாலியா இருந்தா இந்நேரம் குதிச்சு நீந்திக்கினு இருப்பாரு, வேலைய யாரு பாப்பாங்க?"

ஆழ்வார்பேட்டையில் இரண்டு, அடையாறில் ஒன்று, கோட்டூர்புரத்தில் ஒன்று என நான்கு குளங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. நான்கையும் பதினாறு அடி நீளமுள்ள அலுமினியக் கழியின் மறுமுனையில் நின்றே அவர் ஆண்டார். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் வாய்க்கு ஓட்டை ஓட்டையாக ஒரு வட்ட மூடி உண்டு. கரையில் நின்று பார்த்தால் அந்த ஓட்டைகளை எண்ண முடிய வேண்டும். எண்ண முடியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். அதை யாரிடமாவது உரக்கச் சொல்ல வேண்டிய நிலைமை மட்டும் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

விநாயக சதுர்த்தி முடிந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை காலை, கோட்டூர்புரம் வீட்டுக் குளம் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கிடந்தது. மூடியைக் காணோம். மூன்றாவது படியையே காணோம்.

அந்த வீடு சுப்புலக்ஷ்மி மாமியுடையது. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்பவருக்கு வீட்டுப்பாடம் செய்யாதது ஞாபகத்துக்கு வரும். பீர் முஹம்மதுவின் அச்சப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்த இடம் மாமிக்கு.

"மாமி, தண்ணில எதுனா போட்டீங்களா?"

"நாங்க என்னத்தைப் போடப்போறோம் பாய்? நீங்க கொட்டற மருந்தைத் தவிர அதுல ஒரு தூசி கிடையாது."

"உங்க பேத்தி பாப்பா எதுனா பவுடர் கிவுடர்…"

"எங்காத்துக் குழந்தை பவுடரே பூசிக்க மாட்டா."

மாமியின் கணவர் வெங்கடரமணன் நாற்காலியில் இருந்தபடி கைபேசியை மூக்கருகே கொண்டுபோனார். "தண்ணி கலங்கறதுக்குப் பதினேழு காரணம் போட்டிருக்கான். முதல் காரணமே, பராமரிப்பவரின் கவனக்குறைவு."

பீர் முஹம்மது சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். மஞ்சள் வர வேண்டிய குழாயில் மஞ்சள் வந்தது. சிவப்பு வர வேண்டியதில் சிவப்பு வந்தது. குளோரின் சரி, காரம் சரி, எல்லாம் சரி. அதுதான் அவரை நடுங்க வைத்தது. காய்ச்சலே இல்லாமல் பிதற்றும் நோயாளியை மருத்துவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிக் குளத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு ஸ்நேஹாவுக்கு ஒம்பது வயசு முடியறது" என்றார் மாமி. "நாலு மணிக்குப் பதினோரு குழந்தைகள் குளிக்க வரா. அதுக்குள்ள தெளிஞ்சுடணும்." அவர் பீர் முஹம்மதுவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கெடு தண்ணீருக்கும் சேர்த்துத்தான் என்பது தெளிவாக இருந்தது.

ஃபில்டரில் இருக்கும் மணலைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டு அலசினார். குளோரினைக் கூட்டினார். மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டார். சனிக்கிழமை காலை வந்து பார்த்தபோது குளம் சற்று முன்னேறியிருந்தது. அரிசி கழுவிய தண்ணீராக இருந்தது இப்போது மோராகியிருந்தது.

'இன்னிக்கி யாரும் எறங்கக் கூடாது மாமி' என்ற வாக்கியத்தை அவர் பேருந்தில் ஒன்பது முறை சொல்லிப் பார்த்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போகும் அளவுக்கு அதில் உறுதி இருந்தது. மாமியின் எதிரில் அந்த வாக்கியம் இப்படி வெளிவந்தது:

"மாமி… வந்து… மோர் கலர்ல கீது."

"பார்த்தேன். அதுக்காகப் பொறந்த நாளைத் தள்ளிவைக்க முடியுமா? குழந்தைகள்தானே, குளிச்சிட்டுப் போறா."

"அடி தெரியலியே மாமி."

"அடியைப் பார்த்து என்ன பண்ணப்போறா?"

இதற்குப் பதில் அவரிடம் இருந்தது. மாமியிடம் சொல்லத்தான் துணிவு இல்லை. பதினோரு தலைகள் அந்த மோரில் மிதப்பதை அவர் மனக்கண்ணில் பார்த்தார். எண்ணினார். பத்துதான் வந்தது. மறுபடி எண்ணினார். பத்து. பதினோராவது எங்கே என்று கரையில் நிற்கும் ஒருவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் குடித்தார். அதுவும் பயமாக இருந்தது.

பிற்பகல் மூன்றரைக்குக் கடைசி முயற்சியாகக் கழியில் தூரிகையை மாட்டி அடியைத் துழாவினார். ஆழமான மூலையில், நாலரை அடி ஆழத்தில், தூரிகை எதிலோ முட்டியது. கல் என்றால் டொக் என்றிருக்கும். இது அப்படி இல்லை. தள்ளினார். சற்று நகர்ந்து, நின்றது.

கரையில் ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது. பக்கத்தில் மடித்த துண்டு.

"மாமி… பாப்பா எங்க?"

"மாடியிலதான் இருப்பா. ஸ்நேஹா!"

பதில் இல்லை.

"ஸ்நேஹா! அடியே ஸ்நேஹா!" மாமியின் குரல் முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக உடைந்தது. வெங்கடரமணனின் கைபேசி தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அடுத்து நடந்ததற்கு பீர் முஹம்மதுவிடம் விளக்கம் கேட்டுப் பயனில்லை, அவருக்கே தெரியாது. சட்டையோடு, செருப்போடு, கண்ணாடியோடு படியில் இறங்கினார். முழங்கால். மூச்சு நின்றது. இடுப்பு. "யா அல்லா" என்றார். மார்பு. தண்ணீருக்குள் நீட்டிய தன் கையைத் தேடினார். மணிக்கட்டுக்கு அப்பால் கை இல்லை. கழுத்து. அங்கே அவர் காலில் ஒன்று தட்டுப்பட்டது. உருண்டையாக இருந்தது. ஒரு தலையின் அளவில் இருந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். நாற்பத்தாறு வயது வரை தலைக்கு மேல் தண்ணீர் பாராத மனிதர், இரு கைகளாலும் அதை அள்ளிக்கொண்டு மேலே வந்தார்.

களிமண். பெரிய தொந்தி. கரைந்துபோன பாதித் துதிக்கை. ஒரு காது. ஒரே ஒரு குண்டுமணிக் கண், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாட்டி! அம்பத்தொம்பது செகண்ட்!" மாடிக் குளியலறை ஜன்னலில் நீச்சல் கண்ணாடி போட்ட முகம் ஒன்று சொட்டச் சொட்டத் தெரிந்தது. "பக்கெட்டுல தலையை விட்டு மூச்சுப் பிடிச்சேன்! எதுக்குக் கூப்பிட்டே?"

மாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பீர் முஹம்மது உருவத்தை நெஞ்சோடு அணைத்தபடி கரையேறினார். ஒரு பயம் போன இடத்தில் அடுத்தது வந்துவிட்டது. "இன்னோரு காத நான் ஒடைக்கல மாமி. சத்தியமா. தூரிகை லேசாத்தான் பட்டுது."

"கரையறதுக்குத்தானே பாய் விட்டோம்" என்றார் மாமி மெல்ல. "வருஷா வருஷம் கொல்லைக் கிணத்துல விடுவோம். அந்தக் கிணத்தைத் தூர்த்துட்டுத்தானே ஆறு மாசம் முன்னாடி இதைக் கட்டினோம். அதே இடம்தானேன்னு வியாழக்கிழமை இதுலயே…"

"இந்த வருஷம் கொஞ்சம் பெரிசா வாங்கினோம்" என்று சேர்த்தார் வெங்கடரமணன். "பன்னண்டு கிலோ."

"எதுனா போட்டீங்களான்னு கேட்டேனே மாமி!"

"பிள்ளையாரைப் போய் அழுக்கு லிஸ்ட்ல சேர்ப்பேனா?"

பதினேழு காரணங்களில் இது இல்லை. மாவு போன்ற களிமண், ஃபில்டர் மணலின் இடுக்கில் புகுந்து புகுந்து குளத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மாமி உருவத்தைப் பக்கெட் தண்ணீருக்கு மாற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

"வெறும் மண்ணுதானே, விஷமில்லையே. அப்போ இறங்கலாமோல்லியோ?"

"மாமி." பீர் முஹம்மதுவின் பற்கள் தந்தியடித்தன. "மோட்டார நிறுத்திட்டு, படிகாரம் கரைச்சு வுட்டா மண்ணு அடியில தங்கும். திங்கக்கெழம உறிஞ்சி எடுத்துடலாம். இன்னிக்கி முடியாது. சாமி ரெண்டு நாளா உள்ள இருந்துச்சு. தெனம் கரையில நிக்கிற எனுக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல. ஒரு புள்ள உள்ள போனா மட்டும் தெரியுமா?"

மாமி குளத்தைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுவது போல உதடுகள் அசைந்தன. விடை வந்ததும் முகம் வெளுத்தது.

பதினோரு குழந்தைகளும் ரப்பர் வளையங்களோடு ஓடிவந்தபோது, குளத்தின் கம்பிக் கதவை மறித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"அங்கிள், வழி விடுங்க!"

"முடியாது."

"ஏன் அங்கிள் இப்படி நடுங்கறீங்க? பயமா?"

"ஆமா பாப்பா. ரொம்ப பயமா கீது."

குழந்தைகள் முறையீட்டுக்காக மாமியின் பக்கம் திரும்பினார்கள். மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து, கதவின் குறுக்கே, பீர் முஹம்மதுவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்" என்றார்.